நிர்த்தருது

இருமல் வந்தபோது சிமெண்ட் தூசி என்றுதான் நினைத்தேன். சித்தாள் வேலை பார்ப்பவளுக்கு இருமல் ஒரு செய்தியா? சளியில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்போது திருவனந்தபுரத்துக்கு வெளியே, விதுராவில் வேலை.

சளியைச் சோதித்துக் காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமி நோய்) என்றார்கள். மாத்திரை இலவசம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி எடுத்தது. மறுபடி போனபோது நர்ஸ் புது மாத்திரை கொடுத்துச் சொன்னார்:

"சுகமாயாலும் மருந்நு நிர்த்தருது, கேட்டோ சேச்சி."

தலையாட்டினேன். எங்கள் பேச்சில் 'நிறுத்தறது' என்றால் நிறுத்துவது. சுகமானால் மருந்தை நிறுத்துவது. அப்படித்தான் காதில் விழுந்தது. அட்டையிலும் சிவப்பு மையில் எழுதித் தந்தார், மலையாளத்தில். நான் தென்காசிப் பக்கம் ஐந்தாவது வரை தமிழ் படித்தவள். அதற்குமேல் படிக்கவிடாமல் பீடி சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். அட்டையை மடித்து வைத்தேன். சுகம்தான் ஆகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தினேன்.

பிறகு வேலை திருவனந்தபுரத்துக்கு மாறியது. வலியசாலையில் ஒற்றை அறை. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தது கணவரின் நம்பர். அவர் சிம்மை மாற்றிவிட்டு வேறு ஊர் வேலைக்குப் போயிருந்தார். எங்களைத் தேடியிருப்பார்கள்.

இருமல் திரும்பியது. ஒரு சாயங்காலம் மகள் இசக்கி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயது.

"நிர்த்தருதுன்னு நர்ஸம்மா சொன்னா, நிறுத்தினேன். இப்பப் பாரு" என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எம்மா, நிறுத்தக் கூடாதுன்னுல்லா அதுக்கு அர்த்தம்!"

தெருப் பிள்ளைகளோடு விளையாடியே மலையாளம் பிடித்தவள். வாசிக்கத் தெரியாது. அன்றைக்கு அவளைக் கூட்டிப் போயிருந்தால் போதும். உலை வைக்க ஆள் வேண்டுமென்று வீட்டில் விட்டேன். பள்ளிக்கு அனுப்பாததும் அதற்காகத்தான். என் குற்றம்தான். ஆனால் இத்தனை தமிழர்கள் வந்து நிற்கும் ஆஸ்பத்திரியில் ஒரு வரி தமிழில் எழுத ஆளில்லாதது யார் குற்றம்?

இப்போது மருந்து எதிர்ப்புக் காசநோய் (பழைய மாத்திரைக்குக் கிருமி சாகாத நிலை). டாக்டர் கேட்டார்:

"வீட்டில் கூடெ கிடக்குந்நது ஆரா?"

"மக."

"ஒரே முறியா?"

"ஒரே ரூம், ஒரே பாய், சார்."

அவர் மகளுக்கும் சோதனை எழுதித் தந்தார்.

புது மாத்திரையில் தோல் கறுத்துவிட்டது. பாதம் மரத்து, தரை இருப்பதே தெரியவில்லை. கிழமை எல்லாம் மறந்து போயிற்று; ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவில் இருப்பதுதான் என் நாள். ஆஸ்பத்திரியில் நிற்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். திருப்பிக் கேளுங்கள். எரிச்சல்பட்டால் படட்டும்.

இசக்கியைப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். அவளுக்கு எடுத்த சோதனையின் முடிவு வியாழக்கிழமை வரும். அந்த ஒரு கிழமை மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. நேற்று பழைய அட்டையை விரித்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். "நி... ர்... த்த... ரு..."

நடுவில் இருமினாள். நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"சாக்பீஸ் தூசிம்மா."