தரையில் விழுந்த ஆறு

1. ராசியான டைஸ்

கார்டு கேம் போட்டிக்கு ஜட்ஜ் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். "சீட்டாட்டத்துக்கு ஜட்ஜா? போலீஸ் வந்தா யாரைப் பிடிப்பாங்க மேடம்?" என்று என் அலுவலகத்திலேயே கேட்டிருக்கிறார்கள். சீட்டாட்டம் இல்லை ஐயா அது. காசு வைத்து ஆடுவதில்லை. ஆளுக்கு அறுபது கார்டு. அவரவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. ஒவ்வொன்றிலும் ஒரு மிருகமோ வீரனோ இருப்பான். சில கார்டுகளில் 'நாணயம் சுண்டு, தலை விழுந்தால் அடி இரட்டிப்பு' என்று அச்சிட்டிருக்கும். அங்கேதான் என் பிழைப்பு ஆரம்பம்.

வார நாட்களில் நான் கணக்கு எழுதுகிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு ஜட்ஜ். தாம்பரம், சேலையூர், வண்டலூர் என்று இந்தப் பக்கம் எங்கே போட்டி நடந்தாலும் தலைமை ஜட்ஜாக ஸ்டெல்லா மேடத்தைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போட்டி தொடங்கும் முன் எல்லோருடைய டைஸையும் காயினையும் கையில் வாங்கிப் பார்ப்பேன். டைஸ் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிய வேண்டும். காற்றுக் குமிழி இருந்தால் தள்ளிவிடுவேன். முனைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இருபது முகம் உள்ள டைஸில் ஒரு வகை உண்டு. எண்கள் அதில் அடுத்தடுத்து வரிசையாக இருக்கும். பெரிய எண்ணெல்லாம் ஒரே பக்கம் குவிந்துகிடக்கும். அது புள்ளி குறித்துவைக்க மட்டும்தான், உருட்ட விடமாட்டேன்.

ஒருமுறை ஒரு பையன் பித்தளை டைஸோடு வந்தான். "ராசியான டைஸ் மேடம், இதுல தோத்ததே இல்ல" என்றான்.

"தோத்ததே இல்லன்னு நீயே சொல்றியே, அப்புறம் நான் எப்படிப்பா விடுவேன்?" என்று வாங்கிப் பைக்குள் போட்டேன். சாயங்காலம் போகும்போது திருப்பிக் கொடுத்தேன். வேறு டைஸில் ஆடித் தோற்றுப்போயிருந்தான், பாவம்.

2. டாஸ் போடும் கை

இப்போது சொல்லப்போவதுதான் நான் இன்றுவரை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் தீர்ப்பு.

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். இறுதி ஆட்டம். ஜெயிப்பவருக்கு பெங்களூரில் நடக்கும் தேசியப் போட்டியில் இடம். ஒரு பக்கம் இம்ரான்; மேற்குத் தாம்பரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். எதிரில் ஜோயல்; கல்லூரி மாணவன். இம்ரானின் கார்டுகளில் பாதி நாணயத்தை நம்பியவை. அன்று அவன் சுண்டச் சுண்டத் தலையாகவே விழுந்தது.

ஜோயல் கையைத் தூக்கினான். "ஜட்ஜ்! இவர் காயின்ல ஏதோ இருக்கு மேடம். வரதெல்லாம் தலை."

"இன்னா ஏதோ கீது? காலைல அக்காவே பாத்து ஓகே பண்ண காயின் இது!" என்று இம்ரான் எழுந்துவிட்டான்.

சுற்றி நின்ற கூட்டத்தில் முணுமுணுப்பு. "காலையிலேருந்தே தலையாத்தான் போட்டுகினு கீறான்" என்று யாரோ சொல்வது நன்றாகவே கேட்டது.

காயினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளைவு இல்லை, கனத்தில் குறை இல்லை. "எங்கே, ஒரு தடவை சுண்டு" என்றேன். சுண்டினான். எனக்குப் புரிந்துவிட்டது. கட்டை விரலில் தலையை மேலே வைக்கிறான். ஒரு சாண் உயரம்கூடப் போவதில்லை. அப்படியே உள்ளங்கையில் பிடித்துவிடுகிறான். காயின் சுற்றுவது மாதிரி தெரிகிறதே ஒழிய, உண்மையில் புரளாமல் ஆடிவிட்டு அதே பக்கத்தோடு திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

"இப்படிச் சுண்ட எங்கப்பா கத்துக்கிட்ட?"

"கிரவுண்டுலதான்க்கா. கிரிக்கெட் டாஸ். ஒசரமா தூக்கிப் போட்டா புல்லுல வுழுந்து காணாப்பூடும். அப்பால எல்லாரும் தேடிகினு நிக்கணும். அதான் கையிலயே புடிச்சிடுவேன்."

பொய் சொல்கிறவன் இப்படி யோசிக்காமல் பதில் சொல்லமாட்டான். அதற்குள் போட்டியை நடத்திய கடைக்காரர் முரளி என்னை ஓரமாக அழைத்தார். "மேடம், பேசாம அவரை டிஸ்குவாலிஃபை பண்ணிடுங்க. பேஜார் வேணாம். கடைக்குப் பேர் கெட்டுடும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உங்க கடைப் பேரைக் காப்பாத்த அவன் பேரை நான் கெடுக்கணுமா சார்? போய் உட்காருங்க."

கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்பைச் சொன்னேன்: "காயின் நல்ல காயின். சுண்டின விதம் சரியில்ல. காயின் நல்லா மேல போய்ச் சுத்தி, மேசையில விழணும்; கையில பிடிக்கக் கூடாது. இவர் ஏமாத்தினதா நான் எதையும் பாக்கல. சந்தேகம் வந்த உடனே கை தூக்கியிருக்கணும் ஜோயல். இதுவரைக்கும் விழுந்தது விழுந்ததுதான். இனிமே ரெண்டு பேருக்கும் என் டைஸ். ரெட்டைப்படை தலை, ஒத்தைப்படை பூ."

ஜோயல் முகம் தொங்கியது. ஆனாலும் தலையாட்டினான். இம்ரானுக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

"காயினை மாத்தினா நான் திருடன்னு ஆயிடும்ல அக்கா? என் கையே வேணாம். ஜோயலே உருட்டட்டும்."

"கார்டு உன்னுது. உருட்ட வேண்டியது நீ. உன் கை சுத்தம்னா உன் கையாலயே உருட்டு."

3. மறுபடி

ஆட்டம் இருந்த நிலை இதுதான். தலை விழுந்தால் ஜோயலின் கடைசி வீரன் சாய்ந்து இம்ரான் ஜெயிப்பான். பூ விழுந்தால் அடுத்த முறை ஜோயல் முடித்துவிடுவான்.

இம்ரான் டைஸைக் குலுக்கி உயரத்திலிருந்து விட்டான். அது மேசையில் பட்டுத் துள்ளி, விளிம்பைத் தாண்டி, நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. யாரோ குனிந்து பார்த்து "ஆறு!" என்று கத்தினார்கள். கூடமே அதிர்ந்தது. இம்ரானை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

"மேசையை விட்டு விழுந்தா செல்லாது" என்றேன்.

"அநியாயம் மேடம்!" என்று நாலா பக்கமும் சத்தம்.

ஜோயலே சொன்னான்: "விடுங்க மேடம், ஆறுதானே. நான் ஒத்துக்கறேன்."

எனக்கும் இம்ரான் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அத்தனை கால்களுக்கு நடுவில் கிடந்த டைஸை யார் எப்போது தட்டினார்கள் என்று நாளைக்கு ஒருத்தன் கேட்பான். அதற்குப் பதில் சொல்ல நான் இம்ரான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

"நீ ஒத்துக்கலாம். ரூல் ஒத்துக்காது" என்று ஜோயலிடம் சொல்லிவிட்டு, டைஸை எடுத்துத் துடைத்து இம்ரான் கையில் வைத்தேன். "மறுபடி உருட்டு."

உருட்டினான். மேசை நடுவிலேயே நின்றது. மூன்று. பூ.

அடுத்த முறையில் ஜோயல் ஆட்டத்தை முடித்தான். கை தட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இம்ரான்தான் முதலில் எழுந்து கை நீட்டினான்.

பரிசு கொடுத்து முடித்த பிறகு நான் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். ஜோயல் தயங்கித் தயங்கி இம்ரானிடம் வந்தான். "சாரிண்ணா. பெங்களூர் போறதுக்கு முன்னாடி உங்ககூட ஆடிப் பாக்கணும். வருவீங்களா?"

"வரேன் வரேன். டைஸ் மட்டும் நீ எடுத்துகினு வா" என்றான் இம்ரான். மூவரும் சிரித்துவிட்டோம்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "அந்த ஆறு செல்லும்னு சொல்லிருந்தா நான் பெங்களூர் போயிருப்பேன்க்கா. ஆனா தாம்பரம் போய்ச் சேர்றதுக்குள்ள நாலு பேரு நாலு விதமா பேசிருப்பானுங்க. இப்ப ஒருத்தனும் வாயைத் தொறக்க முடியாது."

ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். தோற்றவன் ஒருத்தன் தந்த அந்த வார்த்தைக்கு ஈடாக எனக்கு வேறெதுவும் கிடைத்ததில்லை.

புதிதாக இந்தக் கறுப்புச் சட்டை போடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தீர்ப்புச் சொல்லும் முன் தோற்கப்போகிறவன் முகத்தைப் பாருங்கள். அவன் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போக முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று இம்ரான் அப்படித்தான் போனான்.