சாம்பல்மலை வீட்டு மருமகன்

வெள்ளிக்கிழமை அசர் தொழுகை முடிந்த பிறகு, கல்முனைக்குடியில் ஸகியாவின் வீட்டு வாசலில் நின்று எவ்வளவு சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும் பதில் வராது. ஆள் குசினியில்தான் இருப்பாள். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் அரிசி களைந்துகொண்டிருப்பாள். ஆனால் முக்காட்டுக்குள்ளே இரண்டு காதிலும் இயர்போன். தேயிலைப் போத்தலில் சாய்த்து வைத்த போனில் 'சாம்பல்மலை வீடு' ஓடிக்கொண்டிருக்கும்.

அது தமிழில் குரல் கொடுத்த துருக்கித் தொடர். மலை உச்சியில் பெரிய வீடு. வீட்டுக் கிழவர் மாடிப்படியடியில் செத்துக் கிடக்கிறார். மகள் நெர்மின் கதறி அழுகிறாள். அதே வீட்டில் தங்கியிருக்கும் மருமகன் தாரிக் மட்டும் அழவில்லை. கொன்றது யார்? இந்த ஒரு கேள்விக்காகவே பேஸ்புக்கில் ஒரு குழு இருந்தது. காரைதீவு கேசினி என்ற பிள்ளை அதை நடத்தினாள். ஸகியா அதில் 'வெள்ளை ரோசா' என்ற பெயரில் இருந்தாள். அவள் எழுதுவதைப் படிக்கவென்றே ஆட்கள் இருந்தார்கள். கலியாண வீட்டுக்குப் போனால் யார் யாரோடு பேசுவதில்லை என்பதை சோறு வைக்கும் முன்பே கண்டுபிடிக்கிற ஆள் அவள். அந்தக் கண் தொடரிலும் நன்றாக வேலை செய்தது.

வீட்டில் யாருக்கும் இது தெரியாது. மருமகன் வந்திருக்கிற வீட்டில் மாமி போனும் கையுமாகத் திரிந்தால் ஊர் என்ன சொல்லும்?

மகள் நுஸ்ஹாவுக்குக் கலியாணமாகி மாப்பிள்ளை வந்து ஒரு பெருநாள்தான் கழிந்திருந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டை எழுதிக் கொடுத்த அடுத்த கிழமையே ஸகியாவும் புருசன் முகைதீன்பாவாவும் குசினிக்குப் பின்னால் கட்டிய இரண்டு சின்ன அறைக்கு மாறிவிட்டார்கள். முகைதீன்பாவாவுக்கு சம்மாந்துறைப் பக்கம் வயல். விதைப்புக் காலத்தில் மனிசன் வயல் வாடிக் குடிசையிலேயே கிடப்பார்.

மாப்பிள்ளை அஹ்ஸன் வரிப்பத்தான்சேனைப் பிள்ளை. கல்முனையில் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கணக்குப் பார்க்கும் வேலை. நல்ல வேலை, நல்ல குணம். ஆனால் மாமிக்கும் மருமகனுக்கும் நேரே பேச்சு இல்லை. அது மரியாதை. அவன் மேசையில் இருப்பான், அவள் திரைக்குப் பின்னால் நிற்பாள். நடுவில் நுஸ்ஹா.

"புள்ள, மாப்புளைக்கு இன்னும் கொஞ்சம் கோழி வேணுமா எண்டு கேளு."

"காணும், போதும் எண்டு சொல்லுங்க நுஸ்ஹா."

"காணுமாம் உம்மா."

"எனக்குக் காது கேக்கும்தானே புள்ள!"

நுஸ்ஹா தலையில் அடித்துக்கொள்வாள். "ரெண்டு பேரும் ஆளுக்கு ஆள் கதைச்சா என்ன கொறஞ்சிடும்? நான் என்ன தபால்காரியா?"

ஒருநாள் நுஸ்ஹா குசினியில் வந்து குந்தி இருந்து அழுதாள். அஹ்ஸனின் கூட்டாளி கட்டாரில் இருந்து விசா அனுப்பப் போகிறானாம். இவனும் போகிறேன் என்கிறானாம்.

"இஞ்ச என்ன குறை எண்டு கேட்டியா புள்ள?"

"கேட்டன் உம்மா. ஒரு குறையும் இல்லையாம். எல்லாரும் நல்லாத்தான் பாக்காங்களாம். அதச் சொல்லிப்போட்டு அங்கால திரும்பிப் படுத்திட்டாரு."

மருமகனை ராசா மாதிரி அல்லவா வைத்திருக்கிறாள்! குறையே இல்லாதவன் ஏன் போகிறான்? யாரிடம் கேட்பது? அவனிடம் கேட்க முடியாது. வழக்கம் வாயைக் கட்டியிருக்கிறது.

அந்தக் கவலையோடுதான் அந்தக் கிழமை குழுவில் தன் முடிவை எழுதினாள். 'கொன்றது தாரிக்தான். ஏன் எண்டா வீடு நெர்மின்ட. கலியாணத்தோட அவளுக்குக் குடுத்த வீடு. கிழவன் ஒழுங்கா பின்னால அறைக்கு மாறி இருக்கணும். மாறல்ல. முன் ஹோல்ல கால் மேல கால் போட்டு அதிகாரம் பண்ணினா எந்த மருமகனுக்குக் கோவம் வராது?'

குழு விழுந்து விழுந்து சிரித்தது. கொழும்பு ஆள் ஒருவர், 'எந்த நாட்டுல சகோதரி, மகளுக்கு வீட்டக் குடுத்துட்டு வாப்பா பின்னால போறாரு?' என்று கேட்டார். அதன் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. வீடு கிழவரின் பெயரில் இருக்கிறதென்று இரண்டாம் பாகத்திலேயே வக்கீல் சொன்னதை யாரோ படம் பிடித்தும் போட்டார்கள். ஸகியாவுக்கு முகம் சுட்டது. வக்கீல் சொன்னது அவள் காதிலும் விழுந்ததுதான். ஆனால் மகள் இருக்கிற வீடு மகளுடையதாக இல்லாமல் வேறு யாருடையதாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் 'ஈச்சமரம்' என்ற ஆள் உள்ளே வந்தான். ஆரம்பத்திலிருந்தே ரோசாவோடு மல்லுக்கு நிற்கிற ஆள்.

'சிரிக்காதீங்க. எங்கட பக்கம் அப்பிடித்தான். ரோசா சொன்ன வழக்கம் சரி, ஆள்தான் பிழை. தாரிக் கொல்லல்ல.'

கேசினி விடவில்லை. 'அப்ப ஏன் அழல்ல? காரணம் சொல்லுங்க ஈச்சமரம், சும்மா கிளை ஆட்டாதீங்க.'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. நீளமான பதில்.

'அழுறதுக்கும் ஒரு உரிமை வேணும். தாரிக் அந்த வீட்டுல விருந்தாளி. அவன் வந்தா எல்லாரும் எழும்புறாங்க, சிரிச்சிட்டு இருந்த ஆக்களும் சிரிப்ப நிப்பாட்டுறாங்க. நல்ல கதிரைய அவனுக்கு வெச்சிருக்காங்க, அதுல இரிந்த பொலித்தீனக் கூட கழட்டல்ல. ஒவ்வொரு நாளும் கோழி. அவனுக்குக் கருவாட்டு ஆணம் எண்டா உசிர். குசினில அவங்க கருவாடு ஆக்கித் தின்னுற வாசம் அவன்ட அறைக்கு வரும். மாப்புளைக்குக் கருவாடு வைக்கிறது மரியாத இல்லையாம். கேக்க ஏலா. ஒருத்தரும் அவனோட சண்ட பிடிக்க மாட்டாங்க. சண்ட பிடிக்காத வீட்டுல ஒரு மனிசன் எப்பிடி வீட்டாளாகுறது? அவன் கொல்ல மாட்டான். ஒருநாள் பேசாம பேக்க எடுத்துட்டுப் போயிருவான், அவ்வளவுதான்.'

ஸகியா முதலில் பதிலடி யோசித்தாள். துருக்கிக்காரன் கருவாடு தின்பானா? தொடரில் எங்கே கோழி வந்தது? ஒரு பாகத்திலும் கோழி வரவில்லையே!

விரல் அப்படியே நின்றுவிட்டது.

எழும்பிப் போய் திரையை விலக்கிப் பார்த்தாள். முன் ஹோலில் மாப்பிள்ளை உட்காரவென்று வாங்கிய கதிரை. கடையில் இருந்து வந்த நாள் சுற்றியிருந்த பொலித்தீன் அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது. தூசி பிடிக்கக் கூடாதென்று அவள்தான் கழற்றாமல் வைத்திருந்தாள். அடுப்பில் கோழி கொதித்தது. பக்கத்தில் மூடி வைத்த சட்டியில் அவளுக்கும் நுஸ்ஹாவுக்கும் கருவாட்டுக் குழம்பு.

"அல்லாவே, என்ட புள்ள" என்று வாய்க்குள் சொன்னாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை நாளும் பேஸ்புக்கில் 'மரமண்டை' என்று ஏசியது இந்த மருமகப் பிள்ளையையா!

அன்றிரவு மேசைக்குக் கருவாட்டு ஆணம் போனது. நுஸ்ஹா கண்ணை உருட்டினாள். அஹ்ஸன் இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டான். ஆனாலும் கட்டார்ப் பேச்சு நிற்கவில்லை. விசா மெடிக்கலுக்குக் கொழும்பு போக வேண்டுமென்று நுஸ்ஹாவிடம் சொன்னான். கருவாடு வைத்ததால் மட்டும் வேலை முடியாதென்று ஸகியாவுக்கு விளங்கியது.

கடைசிப் பாகம் வந்த வெள்ளிக்கிழமை, வைபை வழமை போல இழுத்து இழுத்து நின்றது. குசினியில் அவள் போனில் வட்டம் சுற்றியது. அறைக்குள் அவன் போனிலும் அதே வட்டம்தான் சுற்றும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஸகியா இயர்போனைக் கழற்றினாள். முக்காட்டைச் சரி செய்தாள். நேரே முன் ஹோலுக்குப் போய், கதிரைப் பொலித்தீனைப் பிய்த்து எறிந்தாள். அந்தச் சத்தத்துக்கு அஹ்ஸன் அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்தான்.

"மகன், ரெண்டு போன்ல பாத்தா ரெண்டுலயும் சுத்திக்கிட்டுத்தான் நிக்கும். டிவில போடுங்க, சேந்து பாப்பம்."

அஹ்ஸன் பின்னால் திரும்பி நுஸ்ஹாவைத் தேடினான். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"அவளப் பாக்காதீங்க. உங்கட்டத்தான் கதைக்கன். தாரிக் கொல்லல்ல எண்டு எழுதினீங்களே, பாப்பம்."

அவன் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "மாமி… நீங்களா ரோசா?"

"மரமண்டை எண்டதுக்கு மாப்பு தாங்க. இப்ப போடுங்க, தொடங்கிட்டுது."

மூவரும் பார்த்தார்கள். கொன்றது வக்கீல். தாரிக் குற்றமற்றவன் என்று பொலிசும் சொன்னது, நெர்மினும் சொன்னாள். ஆனால் அவன் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினான். வீட்டார் எல்லாரும் வாசலில் வரிசையாக நின்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சாதிச் சனம் இது!" ஸகியா எழும்பியே விட்டாள். "ஒருத்தர்ட வாயிலயும் ஒரு சொல் இல்லையா? நில்லு எண்டு சொல்ல ஏலாதா?"

தொடர் முடிந்து பெயர்கள் ஓடின. ஸகியா திரையைப் பார்க்கவில்லை, மருமகனைப் பார்த்தாள்.

"நான் சொல்லுறன் மகன். நில்லுங்க. கட்டாருக்குப் போக வேணாம். என்னோட சண்ட பிடிக்க எனக்கு ஒரு ஆள் வேணும்."

அஹ்ஸன் தலையைக் குனிந்துகொண்டான். "மெடிக்கலுக்கு இன்னும் நாள் எடுக்கல்ல மாமி. கூட்டாளிட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லுறன்."

நுஸ்ஹா அழத் தொடங்கினாள். ஸகியா அதை விட்டுவிட்டு, "ஆனா வக்கீல் எப்பிடி மாடிக்கு ஏறினாரு? அதச் சொல்லுங்க. அந்த மனிசனுக்குக் கால் ஏலாதே" என்றாள்.

"ஏலாத மாதிரி நடிச்சவன் மாமி! ஆறாம் பாகத்துல ஓடினத நீங்க பாக்கல்லயா?"

"அது ஓட்டமா? வழுக்கினது!"

"மாமி, அவன் படியில ரெண்டு ரெண்டா பாஞ்சான்!"

"கண்ணாடி போடுங்க மகன்!"

வயலில் இருந்து வந்த முகைதீன்பாவா படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். முன் ஹோலில் மனிசியும் மருமகனும் போட்டி போட்டுக் கத்துவது கேட்டது. மனிசன் உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் வாசலில் நின்று, வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டேனோ என்று பக்கத்து வேலியையும் திரும்பிப் பார்த்தார்.