அழுதாலும் சொல்லக் கூடாது

போன வருடம் கத்திரி வெயில் நேரத்தில் நடந்தது இது. ஆவடிக்குப் பக்கத்தில், வெளியாட்கள் உள்ளே வர முடியாத ஓர் அரசு வளாகத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ராணுவத்தில் ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். என் மனைவிக்கே சொன்னதில்லை.

கேட்டில் நிற்பதோ ரோந்து போவதோ எனக்கு ஒரு பாரமே இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாதாமாதம் எடுக்க வேண்டிய விழிப்புணர்வு வகுப்பு இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கேன்டீன் ஹாலில் வைப்பார்கள். வயிறு நிறைய சாம்பார் சாதம், தலைக்கு மேலே மின்விசிறி. யார்தான் விழித்திருப்பார்கள்? துப்புரவு செய்பவர்கள், தோட்ட வேலை பார்ப்பவர்கள், லோடு இறக்குபவர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து, நான் வாயைத் திறந்ததும் கண்ணை மூடுவார்கள்.

நானும் அதே பாட்டைப் பாடுவேன். செல்போனைக் கேட்டிலேயே பெட்டியில் வைத்துவிட்டு வர வேண்டும். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி கரையான்சாவடி கடைத்தெருவில் காய்கறி வாங்கக் கூடாது. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து எந்த ஷெட்டில் வேலை என்று பேசக் கூடாது. கடைசியாக போன் விஷயம். யாராவது கூப்பிட்டு, வீட்டில் விபத்து, ஆஸ்பத்திரி என்று அவசரப்படுத்தி, இன்னார் அங்கே இருக்கிறாரா என்று கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லி வைத்துவிட வேண்டும். உடனே என்னிடம் வந்து சொல்ல வேண்டும். “அழுதாலும் சொல்லக் கூடாது. என்னைப் பற்றியே கேட்டாலும் சொல்லக் கூடாது” என்று மேஜையைத் தட்டுவேன். இந்தக் கடைசி இரண்டு வரி மேலிடம் கொடுத்த பாடத்தில் கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்ப நானாகச் சேர்த்துக்கொண்ட வசனம். அதற்கும் யாரும் எழுந்ததில்லை.

தூங்குவதில் முதலிடம் கேன்டீனில் வேலை செய்யும் ஓர் அம்மாவுக்கு. குத்தம்பாக்கத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி, விடிவதற்குள் வந்து அடுப்பு பற்ற வைப்பவர். முதல் வரிசையில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, லேசாக வாயைத் திறந்தபடி தூங்குவார். சுவரிடம் பேசுவதும் இவர்களிடம் பேசுவதும் ஒன்றுதான் என்று எனக்குச் சலித்துப் போயிருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது வகுப்பு. அந்த அம்மாவுக்குப் பாத்திரம் கழுவும் முறை என்பதால் அவர் மட்டும் சமையலறையில் இருந்தார். திடீரென்று புடவையில் ஈரக் கையைத் துடைத்தபடி ஹாலுக்குள் ஓடி வந்தார்.

“சார், நீங்க சொன்ன மாறியே ஒரு போன் வந்துச்சு சார்! ஒரு பொம்பள. உங்க பேரைச் சொல்லி இருக்காரான்னு கேட்டுச்சு. பையன் வண்டியோட வுழுந்துட்டான், பேச்சு மூச்சு இல்லன்னு ஒரே அழுக.”

“நீங்க என்னம்மா சொன்னீங்க?”

“அப்டி யாரும் இங்க இல்லன்னேன். அழுதுகினே திருப்பியும் கேட்டுச்சு. இல்லம்மான்னு வச்சுட்டேன் சார்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேலிடத்தில் இருந்து இப்படி ஆள் வைத்துப் போன் செய்து சோதித்துப் பார்ப்பது உண்டு. பாதுகாப்பு மேற்பார்வையாளரின் பெயரையே சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்றால் அதுவேதான் என்று நினைத்தேன். அந்த அம்மாவை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, “பார்த்தீர்களா, இப்படித்தான் இருக்க வேண்டும்” என்று பாராட்டினேன். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து கை தட்டினார்கள். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை.

மேலே தகவல் சொல்ல வேண்டுமே என்று, “பையன் பேர் ஏதாவது சொன்னாங்களாம்மா?” என்று சாதாரணமாகக் கேட்டேன்.

சொன்னார். என் மகனைக் கல்லூரியில் யாருக்கும் அந்தப் பெயரில் தெரியாது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது என் மனைவி வைத்த செல்லப் பெயர் அது. எங்கள் வீட்டு நான்கு சுவருக்குள் மட்டும் புழங்குவது.

அதற்குப் பிறகு கை தட்டல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. எங்கள் கேட் போன் எப்போதும் எங்கேஜ்டாக இருக்கும் என்பதால், ஆத்திர அவசரத்துக்கு என்று கேன்டீன் நம்பரை மனைவிக்குக் கொடுத்து வைத்தவன் நான். அப்படி ஒன்று கொடுத்ததே அந்த நிமிடம்தான் நினைவுக்கு வந்தது.

கேட்டுக்கு ஓடினேன். வெளியே போகும் யாராக இருந்தாலும் சோதிக்காமல் விடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். காவலர் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். ஆனாலும் பழக்கத்தில் அவர் கை நீண்டது. நானும் பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் என் சட்டைப் பையைத் தடவிய அந்த நேரத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெட்டியில் இருந்து போனை எடுத்து அழைத்தேன். மனைவி எடுத்ததும் கேட்டது ஒன்றுதான். “இருக்கீங்களா?”

பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரி. மகன் கரையான்சாவடி அருகே மணலில் வண்டி சறுக்கி விழுந்திருக்கிறான். அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநர். ஏற்றியிருந்த சவாரிகளை இறக்கிவிட்டு வந்தவர், நான் போய்ச் சேரும்வரை என் மனைவிக்குத் துணையாக நின்றிருந்தார்.

“நீதான் அப்பாவா அண்ணாத்தே? பயப்படாத. புள்ள கண்ணு முழிச்சுட்டான். அக்காதான் அழுதுகினே கீறாங்க, அவங்கள பாரு” என்று சொல்லிவிட்டு, நான் கையைப் பிடிப்பதற்குள் போய்விட்டார். முன்பின் தெரியாத அவர் அங்கே நின்றார். நான் நிற்கவில்லை.

மகனுக்குத் தோள் எலும்பு முறிவு, நெற்றியில் தையல். தேறிவிட்டான். மனைவி என்னைத் திட்டவே இல்லை. “நான் அழுதேங்க. அழுத பிறகும் இல்லைன்னுட்டாங்க” என்று மட்டும் சொன்னாள். அப்படிச் சொல்லிக் கொடுத்தது யார் என்று இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று, அந்த அம்மா கேட் ஓரமாகக் காத்துக்கொண்டு நின்றார். கண் வீங்கியிருந்தது.

“வேலைய வுட்டுத் தூக்கிடாதீங்க சார். நீங்க சொன்னததான் சொன்னேன்.”

“நீங்க செஞ்சது சரிதாம்மா” என்றேன். அதைச் சொல்ல எனக்குத் தெம்பு வேண்டியிருந்தது. “ஆனா தூங்கிட்டுதானே இருப்பீங்க, இது மட்டும் எப்படிக் காதுல விழுந்துச்சு?”

“கண்ணுதான் சார் அசரும். நீங்க பேசுறது பூரா கேட்டுகினுதான் இருப்பேன்.”

வகுப்பு இன்னும் மாதாமாதம் நடக்கிறது. சாம்பார் சாதமும் மின்விசிறியும் அப்படியேதான் இருக்கின்றன. இப்போதெல்லாம் இப்படி அழைப்பு வந்தால், போனை வைத்த கையோடு கேட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஏற்கெனவே பதிந்துள்ள வீட்டு நம்பருக்குக் கேட்டில் இருந்தே பேசி உண்மையா என்று விசாரிக்கிறோம். இதை முறையாக்கச் சொல்லி மேலே எழுதினேன், பதில் வரவில்லை.

‘அழுதாலும்’ என்ற வரியை எடுத்துவிட்டேன். முதல் வரிசையில் அந்த அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது, ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துத்தான் பேசுகிறேன். யாரும் கேட்கவில்லை என்று அத்தனை காலம் அலுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில்தான் அத்தனை காலம் பேசியிருக்கிறேன் என்பது, என் மனைவி அழுது கேட்டும் நான் இல்லாமல் போன அன்றுதான் எனக்குப் புரிந்தது.