நாசிலைக் கழற்றிப் பார்க்காத காலை

ஆயுத பூஜை முடிந்து ஷெட் திறந்த முதல் நாள். பீட்டர் போட்ட முதல் வெல்டிங்கே சல்லடையாக வந்தது. பஸ் சீட்டுக்கான இரும்பு ஃப்ரேம். மூட்டு முழுக்கப் பின்ஹோல், ஊசி குத்தியது போல் துளைகள். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். மூட்டு விட்டுவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பொழிச்சலூர்ப் பக்கம் தகரக் கூரை ஷெட். விமானம் இறங்கும்போது முதலாளி திட்டுவதை நிறுத்துவார். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நான் சூப்பர்வைசர். கம்பியும் காஸும் ஒரே டார்ச் வழியாக வரும் மிக் வெல்டிங் பற்றிய தடிப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவன். டார்ச்சைப் பிடித்தால் மட்டும் அந்தப் படிப்பு கைக்கு இறங்காது.

எங்களுக்கு இருந்த ஒரே மிக் வெல்டர் பீட்டர். ஈஸ்டரிலிருந்து குடியை விட்டிருந்தான். அதற்கு முன் கை நடுங்கி அவன் வீணாக்கிய ஃப்ரேம்கள் ஷெட்டுக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. இன்னொரு தடவை குடித்தால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார்.

அவர் ஃப்ரேமைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாப்பா, லீவுல ஊத்திகினியா?"

"இல்ல சார். பைபிள் மேல சத்தியம்."

"வெல்டிங் வேற சொல்லுதே?"

பீட்டர் இரண்டு கைகளையும் நீட்டினான். நடுங்கவில்லை. நான் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

"மத்தியானத்துக்குள்ள ஒரு நல்ல ஃப்ரேம் வரணும். இல்லேன்னா நாளைக்கு வராத" என்று முதலாளி போய்விட்டார்.

பின்ஹோல் என்றால், உருகிய இரும்பைக் காற்று படாமல் மூடவேண்டிய காஸ் சரியாக மூடவில்லை என்று அர்த்தம். புத்தகத்தின்படி இறங்கினேன். சிலிண்டர் ஃபுல். காஸ் ஓடுவதைக் காட்டும் மீட்டரில் கோலி எழும்பி நின்றது. காற்று காஸைக் கலைக்காதபடி ஃபேனை அணைத்தேன். ஹோஸில் சோப்புத் தண்ணீர் தடவினேன், லீக் இல்லை. கம்பியில் துருவும் இல்லை. மறுபடி வெல்டிங் போட்டால் மறுபடி சல்லடை. ஷெட் முழுக்கச் சந்தன வாசனை வேறு. பூஜையின் அருள் இன்னும் தங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாகத்தான் டார்ச்சின் நுனியில் காஸ் வெளிவரும் குழலைக் காட்டிக் கேட்டேன். "நாசிலைக் கழட்டி சுத்தம் பண்ணியா?"

"இல்ல சார்."

"ஏன்? காலைல வந்ததும் அதானே உன் மொத வேலை?"

"நீங்க பொட்டு வெச்சது சார். நான் போயி அத எப்டி சுரண்டறது? தப்பா எடுத்துப்பீங்க."

கழற்றினோம். பன்னீரில் நீர்க்கக் குழைத்த சந்தனத்தை, பக்தி மிகுதியில், நாசிலின் வாய்க்கு உள்ளேயும் கட்டைவிரலால் அப்பியிருந்தேன். டார்ச்சை விக்கிரகம் மாதிரி வாய் மேலே பார்க்க நிறுத்தியதும் நான்தான். சந்தனம் வழிந்து, காஸ் வரும் ஓட்டைகளில் பாதியை அடைத்துக் காய்ந்து, இப்போது கருகிக் கொண்டிருந்தது.

"இத அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா?"

"குடிச்சியான்னு அவர் கேக்கும்போது நீங்க சும்மா நின்னுகினு இருந்தீங்க சார். அப்புறம் நான் இன்னா சொன்னா இன்னா?"



ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தோம். அடுத்த வெல்டிங்கை ஐந்து தடவை தட்டினேன், மூட்டு அசையவில்லை. அந்த நாசிலையும் சுரண்டி எடுத்த கரியையும் முதலாளியிடம் எடுத்துப் போனேன்.

"குடிச்சது பீட்டர் இல்ல சார், டார்ச்சு. ஊத்தினவன் நான்."

அவர் அந்தக் கரியை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து பீட்டரிடம் போய், "டீ சாப்ட்டியா?" என்றார். அவரிடம் மன்னிப்பு அந்த வடிவத்தில்தான் கிடைக்கும். என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதிதாக டார்ச் பிடிப்பவர்களுக்கு: பின்ஹோல் வந்தால் முதலில் நாசிலைக் கழற்றிப் பாருங்கள். அரை நிமிஷ வேலை. எனக்கு அரை நாள் ஆனது. நான் சந்தேகத்தை ஆளிடமிருந்து ஆரம்பித்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பீட்டர், தேய்ந்துபோன பழைய நாசில் ஒன்றைப் பளபளவென்று துலக்கி என்னிடம் நீட்டினான்.

"சாமிக்கு இது சார். எவ்ளோ வேணும்னாலும் வைங்க."

மெஷினில் இருந்ததைக் கழற்றித் தன் டிபன் பாக்ஸில் வைத்து மூடியிருந்தான்.