வீட்டுக்குப் போன நகல்கள்

எங்கள் ஆபீசில் அவருக்கு நகல் அண்ணன் என்று பெயர். அவரிடம் மணி கேட்டால்கூட, "நீங்கள் கேட்டபடி நேரம் பதினொன்று இருபது" என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் என்று கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. எந்தக் கட்டடத்து லிஃப்டில் எந்தப் பாகத்தை எப்போது மாற்ற வேண்டும் என்று தேதி குறிப்பது அவர் வேலை. அந்தத் தேதிக்கு மெக்கானிக்கை அனுப்பிவைப்பது, பக்கத்து மேஜையில் இருக்கும் என் வேலை.

அவர் பிறக்கும்போதே அப்படி இல்லை. எங்கள் மேனேஜர்தான் அவரை அப்படி ஆக்கினார். அந்த மனிதர் எதையும் எழுத மாட்டார். மேஜைக்கு வருவார், விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார், "அதைத் தள்ளிப் போட்டுடுங்க" என்பார், போய்விடுவார். நல்லபடியாக முடிந்தால் அது அவர் சொன்னது. ஏதாவது கோளாறு என்றால் அவருக்குச் சம்பந்தமே இல்லை. ஒருமுறை அப்படிச் சொன்னதைச் செய்து, பழி முழுக்க அண்ணன் தலையில் விழுந்தது. வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதை விசாரித்த கூட்டத்தில் மேனேஜர் வாயே திறக்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

அதற்குப் பிறகுதான் இந்த மெயில் பழக்கம். மேனேஜர் முதுகைத் திருப்பியதும் அண்ணன், "இன்று காலை பத்தரைக்கு நீங்கள் நேரில் சொன்னபடி" என்று தட்ட ஆரம்பித்துவிடுவார். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு வருடத்துக்கு மேலான மெயில்கள் தானாகவே அழிந்துவிடும். இது தெரிந்த அன்று அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"இவ்வளவு எழுதி என்னடா பிரயோஜனம்?" என்றார்.

அப்போது சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "ஒரு நகலை உங்க சொந்த மெயிலுக்கும் போட்டு வைங்கண்ணே. நான் அப்படித்தான் பண்றேன்" என்றேன்.

"நீ கெட்டிக்காரன்டா" என்று முதுகில் தட்டினார். வேலைக்குச் சேர்ந்த நாளில் நாற்பது பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு தாயும் கைக்குழந்தையும். மூன்று மணி நேரம். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த லிஃப்டின் பிரேக்கை மாற்றும் வேலை பதினான்கு மாதத்துக்கு முன்பே தள்ளிப் போடப்பட்டிருந்தது. தள்ளிப் போட்டது யார் என்று மேலிடம் கேட்டது. தனக்கு எதுவுமே தெரியாது என்றார் மேனேஜர். பதினான்கு மாதத்துக்கு முன் அவர் வந்து மேஜையைத் தட்டியபோது நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணனைத் தேதியை மாற்றச் சொன்னார், என்னை மெக்கானிக்கை நிறுத்தச் சொன்னார். நானும் அன்று ஒரு மெயில் எழுதி, நகலை வீட்டு மெயிலுக்கு அனுப்பியிருந்தேன்.

அண்ணன் பதறவே இல்லை. வீட்டில் அச்செடுத்த தாள்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டு வந்தார். புதுச் சட்டை வேறு. "உங்க அண்ணிதான் போட்டுக்கச் சொன்னா" என்றார். விசாரணை அறைக்குப் போகுமுன் என் பக்கம் குனிந்து, "நீ எதுக்கும் வர வேணாம். என்கிட்ட காகிதம் இருக்கு" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

உள்ளே நடந்ததை அவரே பிறகு சொன்னார். மனிதவள அதிகாரி அம்மாள் தாளில் இருந்த விஷயத்தைப் படிக்கவில்லை. அதன் மேல் மூலையைத்தான் பார்த்தாராம்.

"இது உங்க சொந்த மெயில்ல இருந்து எடுத்ததா?"

"ஆமா மேடம்."

"இது ஒண்ணு மட்டும்தானா?"

"எல்லாமே பத்திரமா இருக்கு மேடம். நாலு வருஷத்துது" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார் இந்த மனிதர். அந்த அம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாராம்.

ஆயிரத்து நூறு மெயில்கள். வாடிக்கையாளர்களின் விலாசம், ஒப்பந்தம், எந்திர அறைச் சாவி எங்கே இருக்கிறது என்பது வரை எல்லாம் கம்பெனிக்கு வெளியே. அப்படி அனுப்பக் கூடாது என்று கையெழுத்துப் போட்ட அந்த நாற்பது பக்கத்தில் இருந்ததாம். போலீசுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் அத்தனையையும் அங்கேயே உட்கார்ந்து அழிக்க வேண்டும் என்றார்கள். அழித்தார். ஃபைலையும் வாங்கிக்கொண்டார்கள். மாலைக்குள் அடையாள அட்டையையும் கழற்றியாயிற்று. மேனேஜரை அதே பதவியில் வேறு கிளைக்கு மாற்றினார்கள். பிரேக்கைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அன்று மாலையே நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, போனில் என் நகல்களையெல்லாம் அழித்தேன். ஒன்றையும் விடவில்லை. மறுநாள் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

"அவர் இப்படி அனுப்பறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"நீங்க அனுப்பியிருக்கீங்களா?"

"இல்லவே இல்ல மேடம்."

அதற்கு மேல் தோண்டவில்லை. பலி கொடுக்க ஓர் ஆள் போதும் என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணன் அதற்குப் பிறகு ஏழெட்டு இடம் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் பழைய கம்பெனியை விசாரித்தார்கள். நம்பிக்கைத் துரோகம் என்று பதில் போனது. ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் பட்டத்தோடு யார் வேலை தருவார்கள்? மகள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு கடையில் சேர்ந்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தார். குரலில் பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெம்பு இருந்தது.

"வக்கீலைப் பார்த்தேன்டா. மேனேஜர் சொல்லித்தான் தள்ளிப் போட்டேன்னு ஒரே ஒரு தாள் இருந்தா போதுமாம், கேஸ் நிக்குமாம். நீயும் அன்னைக்கு எழுதினியே, அந்த நகலை மட்டும் குடு. சாட்சிக்கெல்லாம் உன்னைக் கூப்பிட மாட்டேன். யார் குடுத்தாங்கன்னும் வாயைத் திறக்க மாட்டேன்."

"அழிச்சிட்டேண்ணே."

"என்னது?"

"அன்னைக்கு சாயங்காலமே அழிச்சிட்டேன். சத்தியமா என்கிட்ட இல்லண்ணே."

அவர் நம்பவில்லை. "என்ன சொல்றான்?" என்று அண்ணி கேட்பது தூரத்தில் கேட்டது.

"சரிடா தம்பி. உனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. உன் மேல எனக்கு வருத்தமில்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.