வனஜம்மா வீட்டு போன்

நோரா பெங்களூர் அல்சூரில் பிறந்தவள். அங்கேயே ஒரு கான்வென்ட்டில் எல்.கே.ஜி. பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்து நாற்பத்திரண்டு வயதுக்கு வந்தவள். அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமாகி இருபதாம் வருடம் கணவர் ரெமிஜியஸ் மனமிரங்கி, 1991 டிசம்பரில் நான்கு நாளைக்குப் பாண்டிச்சேரி கூட்டிவந்தார். பரீட்சைக்குப் படிக்கவேண்டும் என்று மகள் ஆஞ்சலா வரவில்லை. அவளைப் பக்கத்து வீட்டு வனஜம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள்.

முதல் இரண்டு நாள் பழைய பிரெஞ்சுத் தெருக்களில் காலோய நடந்தாள் நோரா. மஞ்சள் சுவர்களையும் அவற்றின்மேல் வழியும் காகிதப்பூக் கொடிகளையும் பார்த்துச் சலிக்கவில்லை. தெரு முனைக்கு முனை கடல் எட்டிப் பார்ப்பதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே நடந்தாள்.

மூன்றாம் நாள் காலை டீக்கடையில் பேப்பரைப் பிரித்த ரெமிஜியஸ் டம்ளரைக் கீழே வைத்தார். காவிரித் தகராறு. பெங்களூரில் தமிழர் வீடுகளில் கல் விழுகிறது, தீ வைக்கிறார்கள், ஊரடங்கு. ஓசூருக்கு அப்பால் பஸ் போகாது.

அதன்பிறகு அவள் தெருக்களைப் பார்க்கவில்லை, எஸ்.டி.டி. பூத் எங்கே என்று மட்டும் பார்த்தாள். டூமா வீதியில் ஒன்று, மாதா கோயிலுக்கு எதிரே ஒன்று, கடற்கரை முனையில் ஒன்று. எங்கே போனாலும் அதே பெண் குரல்: எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன. நடந்து நடந்து செருப்பு வார் கடித்துக் குதிகால் உரிந்தது.

மதியம் மதலைமுத்து என்பவரின் பூத்தில் லைன் கிடைத்து, மறுமுனையில் மணி அடித்தது.

"வனஜம்மா! நான்தான் நோரா. ஆஞ்சலா எப்படி இருக்கா? சாப்பிட்டாளா?"

"ராங் நம்பர்," என்றாள் வனஜம்மா. போன் வைக்கப்பட்டது.

பதினெட்டு வருடப் பழக்கம். இவள் தமிழில் கேட்பாள், அவள் கன்னடத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் இரண்டும் தெரியும். மொழியை மாற்றிக்கொள்ள ஒருநாளும் அவசியம் வந்ததில்லை.

"என் குரல் தெரியாதாங்க அவங்களுக்கு? அவங்களுமா மாறிட்டாங்க?"

"பதறாதே," என்றார் ரெமிஜியஸ். "அந்த போன் எங்க இருக்கு? வாசல் ஹால்ல. தெருவே வந்து பேசுற போன். யாரோ பக்கத்துல நிக்கறாங்க நோரா. நீ தமிழ்ல கத்துற, ரிசீவருக்கு வெளியில கேக்கும். கன்னடத்துல பேசு."

"இங்கயா?" அவள் திரும்பிப் பார்த்தாள். பூத்துக்குக் கதவு பேருக்குத்தான், கொண்டி கிடையாது. பின்னால் ஆறேழு பேர். அவர்களில் முன்னால் நின்றவனின் அண்ணன் பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் மூட்டை தூக்குகிறானாம். காலையிலிருந்து தகவல் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"எப்படியும் பேசித்தான் ஆகணும்," என்றார் ரெமிஜியஸ். கதவுக்கு முதுகு கொடுத்து நின்றுகொண்டார்.

பதினோராவது முறை சுழற்றியபோது மணி அடித்தது. நோரா கன்னடத்தில் ஆரம்பித்தாள். நலமா, மழை உண்டா, எல்லோரும் சாப்பிட்டாயிற்றா. நாக்கு தடுமாறாமல் வந்தது.

பின்னால் பேச்சு நின்றது.

"யோவ், கன்னடம்யா அது," என்றான் முன்னால் நின்றவன். "இன்னா தைரியம் பாரு. எங்க அண்ணன் உயிரோட கீறானா தெரியல, இங்க வந்து சாப்டாச்சானு கேக்குது."

"தம்பி, நாங்க தமிழங்கதான்," என்றார் ரெமிஜியஸ்.

"தமிழச்சி எதுக்குய்யா அந்தப் பேச்சு பேசணும்? மதலைமுத்தண்ணே, புடுங்குங்க லைனை!"

மதலைமுத்து எழுந்தார். கதவு ரெமிஜியஸின் முதுகில் இரண்டு முறை இடித்தது.

"அடடே, மைசூர் அக்காவா!" என்று வனஜம்மாவின் குரல் கன்னடத்தில் உரக்க வந்தது. "உங்க அண்ணன் பொண்ணு சாந்தா இங்கதான் இருக்கா. நல்லா சாப்பிடறா. நம்ம தெருப் பசங்க நாலு பேர் வந்திருக்காங்க, வீடு வீடா விசாரிக்கறாங்களாம். உக்காந்து காப்பி குடிக்கறாங்க. இருங்க, அவகிட்ட குடுக்கறேன்."

நோரா ரிசீவரை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். 'அம்மா' என்று மட்டும் சொல்லிவிடாதே. இவள் ஒரு வார்த்தை சறுக்கினால் அங்கே நால்வர். அவள் ஒரு வார்த்தை சறுக்கினாலும் அதே நால்வர்.

மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரல், ஒரு சிறு நடுக்கம்கூட இல்லாமல்:

"அத்தே, சென்னாகிதீரா?"

நலமா என்று கேட்கிறாள். நலம் என்று கன்னடத்தில் சொன்னாள் நோரா. ஒழுங்காகப் படி, வெளியே போகாதே, வனஜம்மா சொல்வதைக் கேள் என்றாள். ஒரு அத்தை அதற்குமேல் என்ன சொல்வாள்?

"ஆகலி, அத்தே," என்று சரி சொன்னாள் ஆஞ்சலா.

கதவு மறுபடி இடித்தது. வைத்துவிடவேண்டும் என்று தெரிந்தது. இன்னொரு முறை அந்தக் குரல் வேண்டும் என்று இருந்தது.

"சாந்தா," என்றாள் நோரா. பெற்ற பெண்ணை முதல்முறையாக அந்தப் பெயரில் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க அத்தே," என்று கன்னடத்தில் பதில் வந்தது, உடனே, பிசகாமல்.