மின்னல் இல்லாமல் வந்த இருட்டு

பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு ஒற்றைத் தலையிடி இருக்கிறது. இடி தொடங்கும் முன் கண்ணின் ஓரத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு தோன்றும். அது கதிர் அரிவாளின் பற்களைப் போல வளைந்து, மினுங்கி மினுங்கி, அரை மணித்தியாலத்துக்குள் பார்வையின் பாதியை மறைத்துவிடும். அது அடங்கியதும் தலை பிளக்கும். எங்கள் வீட்டில் அதற்கு மின்னல் என்று பெயர். மின்னல் வந்திட்டு என்று நான் சொன்னால் ஜன்னலைச் சாத்துவார்கள்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மின்னல் வந்தது. கணவர் கத்தாரில் இருந்தார். கடற்கரையோரம் குடியிருந்த அவருடைய தங்கை, என் மதினி, எங்களைப் பார்க்க வந்திருந்தாள். அவளும் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் ஆறு வயது மகள் அறைக்கும் வாசலுக்கும் ஓடிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க படுங்க மதினி. புள்ளய நான் எங்கட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறன். பகலைக்குச் சோறும் தீத்தித் திருப்பிக் கொண்டாறன்" என்றாள் மதினி.

"ஓம்கா, கூட்டிட்டுப் போ" என்றேன்.

கடல் வந்தபோது மதினி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். இரண்டாவது அலையில் கை நழுவிப் போனது. மதினியைத் தென்னை மரமொன்றிலிருந்து இறக்கினார்கள். மகளின் மையித்து மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

வீடு இல்லாமற்போன மதினி என்னோடு தங்கிவிட்டாள். ஒரே பாயில் படுத்தோம், ஒரே பானையில் சமைத்தோம். அந்தக் காலையைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. நாலைந்து அடி தாறுமாறாக ஓடும், பிறகு நின்றுவிட்டதுபோல இருக்கும். கவலையால் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஓதிய தண்ணீர் குடித்தேன். சில வருடங்கள் கழித்து, படிப்பித்துக்கொண்டிருந்தபோது வகுப்பில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டொக்டர், இதயத்தின் துடிப்பே ஒழுங்கில்லை என்று சொல்லிக் குளிசை எழுதினார்.

"இப்பிடித் துடிக்கிற நெஞ்சில ரத்தம் கட்டிபடலாம். அது மூளைக்குப் போனா ஆபத்து. கண் இருண்டா உடனே வாங்க."

"எனக்குக் கண் மறையிறது வழக்கம்தானே, டொக்டர்."

என் மின்னலைப் பற்றி விவரமாய்க் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "உங்கட மின்னல் மெல்ல மெல்லப் பரவும். மற்றது அப்பிடியில்ல, ஒரேயடியா வரும். சந்தேகமெண்டாலும் வாங்க."

மதினி எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

யுத்தம் முடிந்ததென்று அறிவித்த நாள் டவுன் பக்கம் பட்டாசு வெடித்தது. நான் மேசையில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று கையிலிருந்த பேனை விழுந்தது. வலப்பக்கம் முழுவதும் லைட்டை அணைத்ததுபோல இருண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாய்க்குப் போனேன்.

"மின்னலா மதினி?"

"ஓம்."

"மினுங்கினதா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல."

"தல இடிக்கிதா?"

"இல்லகா. வெடிச் சத்தத்துக்குத்தான். கொஞ்சம் படுத்தாச் சரியாகும்."

"படுக்க வேணாம்!" என்று கத்தினாள். அத்தனை வருடங்களில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "அண்டைக்கும் உங்களப் படுக்கச் சொல்லிட்டுத்தானே புள்ளயக் கூட்டிட்டுப் போனன். இண்டைக்குப் படுக்க விடமாட்டன். எழும்புங்க!"

முச்சக்கரவண்டியில் என் கையை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பார்வை திரும்பிவிட்டது. திரும்பிப் போவோம் என்றேன். கேட்கவில்லை. பரிசோதித்த டொக்டர், இது தலையிடியின் வேலையல்ல, சின்னதாய் ஒரு ரத்தக் கட்டி மூளைக்குப் போய்க் கரைந்திருக்கிறது, அடுத்தது கரையாமலும் போகலாம் என்றார். ரத்தம் கட்டிபடாமலிருக்க வேறு குளிசை தொடங்கினார்கள்.

ஆஸ்பத்திரி வாட்டில் என் கட்டில் ஓரத்தில் மதினி குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான்தானே அனுப்பின" என்றேன்.

"நான்தானே கைய விட்ட" என்றாள்.

"நீ விடல்லகா. கடல் பறிச்சது."

வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன். பக்கத்துக் கட்டில் மனிசி ஒரு துவாயை எடுத்து நீட்டினாள்.

இன்றும் மாதம் ஒருமுறை ரத்தம் சோதிக்கப் போகிறேன். நெஞ்சு இடைக்கிடை தடுமாறும். மின்னலும் வரும், தலையும் இடிக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்கு விட்ட அந்த வெள்ளிக்கிழமை, மதினியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்காக ஓதி துஆக் கேட்டோம். அதுவரை தனித்தனியேதான் ஓதியிருந்தோம்.